உள்ளாள் எந்த ஊரு?

தென்றல்புரி, தொழிலாளர் ஷெட் எண் 7
10-6-2025

ஏட்டி ஈஸ்வரி,

நான் நல்லா இருக்கேன். அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு, நீ வேளாவேளைக்குத் திங்கியா, ரெண்டுக்கும் முதல்ல பதில் எழுது. மத்ததெல்லாம் பொறவு.

கடுதாசியப் பாத்ததும் அண்ணனுக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு நெனச்சிருப்ப. எனக்கு இல்ல, இங்கன உள்ளவனுவளுக்குத்தான் பிடிச்சிருக்கு. வாசல்லயே போனை வாங்கி லாக்கர்ல பூட்டிட்டானுவ. பாவூர்சத்திரத்துக்கும் இங்கனைக்கும் இருபது கிலோமீட்டரு. துபாய்க்குப் போனவன்கூட தெனமும் மூஞ்சியக் காட்டுதான், நான் குத்தாலத்து மலையடிவாரத்துல உக்காந்து உனக்குக் கடுதாசி எழுதுதேன். ஞாயித்துக்கிழமை மட்டும் ஆபீஸ் போன்ல அஞ்சு நிமிசம். அதையும் ஸ்பீக்கர்ல போட்டுட்டு சூப்பர்வைசர் பக்கத்துல நிப்பான். அப்படிப் பேசுததுக்குப் பேசாமலே இருக்கலாம்.

எல்லாம் எதனாலன்னு கேளு. எவனோ ஒரு வேலையத்த பய 'தென்றல்புரி வெறியர்கள்'னு ஒரு பக்கம் நடத்துதானாம். கட்டி முடிக்காத தீம் பார்க்குக்கு ரசிகர் மன்றம், கேட்டியா! இருபதாயிரம் பேரு அதுல கெடக்கானாம். போன மாசம் உள்ள இருந்து ஒரு போட்டோ அதுக்குப் போயி பெரிய எழவாயிட்டு. பார்க்குல மத்த நாலு பகுதியும் என்னன்னு கம்பெனியே சொல்லிட்டாவ, இந்த அஞ்சாவது மட்டும் திறப்பு விழா வரைக்கும் ரகசியம். அதனால இதைக் கட்டுத எங்கள டிசம்பர் வரைக்கும் வீட்டுக்கு விடமாட்டாவ. உள்ள இருக்கதை வெளிய சொன்னா வேலை போயிரும், கேஸும் வரும்னு கையெழுத்து வாங்கியிருக்காவ. அந்த வெறியன் மட்டும் என் கையில சிக்கட்டும், கம்பியோட கம்பியா கட்டிக் காங்கிரீட்டு போட்டுருவேன்.

ஒரு நல்லதும் உண்டு. வேலை முடிஞ்சா உள்ளூர் ஆளுவளுக்கு இங்கனயே நிரந்தர வேலை, கழுத்துல தொங்கவிட ஒரு கார்டு. கேரளாவுல பத்து வருசம் சைட் சைட்டா அலைஞ்சாச்சு. இனி நம்ம ஊருலேர்ந்து வேலைக்குப் போயி, சாயங்காலம் வீட்டுச் சோத்தைத் திங்கணும். எனக்கு அது போதும்ட்டி. அதுக்காவ டிசம்பர் வரைக்கும் வாயைத் தைச்சுக்கிட்டு கெடக்கலாம்.

கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுவார கிதிர் முகம்மது அண்ணாச்சி, செவ்வாயும் வெள்ளியும் நம்ம மார்க்கெட்டுல இருந்து டெம்போ ஓட்டிட்டு வருதாவ. அவியகிட்டதான் இதைக் குடுத்து விடுதேன். நீயும் அவியகிட்டயே குடு. அம்மைய வெங்காயம் ஆயப் போகண்டாம்னு சொல்லு. கேக்கமாட்டா, இருந்தாலும் சொல்லு.

உன் அண்ணன்
பிச்சைமணி


பாவூர்சத்திரம்
17-6-2025

என் அருமை அண்ணே,

அம்மை முட்டுக்குத் தைலத்தைத் தேச்சுக்கிட்டு வெங்காயம் ஆயத்தான் போறா. நான் ரெண்டு வேளை சோறு திங்கேன், மூணாவது வேளைக்கு தென்காசி கடையில முறுக்கு. நீ மெலிஞ்சிராத, உனக்குப் பொண்ணு பாக்கணும்.

அந்த வெறியர் பக்கத்து ஆளை விடுண்ணே, பாவம், யாரு குடியக் கெடுத்தான்? நான் வேலை பாக்குத ஜெராக்ஸ் கடையில ஆளு வராத நேரம் நானும் அதைப் பாப்பேன். சிரிச்சு வயிறு வலிக்கும். ஒருத்தன் தெனமும் மலையேறி நின்னு ஜூம் போட்டுப் படம் எடுத்துப் போடுதான். நீலத் தகரத்துக்கு மேல நாலு தூண் தெரியுது, அவ்வளவுதான், அதுக்கே மண்டை உடையுது. புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன் கடைக்காரரு ஒருத்தரு, உள்ள பனிமலைதான்னு சத்தியம் பண்ணுதாரு, லாரியில வெள்ளை மூடையா போறதைக் கண்ணால பாத்தாராம். சிமென்ட்டுன்னு சொன்னா சண்டைக்கு வருதாரு. ஒருத்தன் டைனோசருங்கான். செங்கோட்டைக்காரன் ஒருத்தன் பேய் பங்களான்னு ஒத்தைக் கால்ல நிக்கான். தூணோட நிழலை அளந்து உசரத்தைக் கணக்குப் போட்ட ஆளும் உண்டு.

இத்தனை பேருல முக்காவாசி ஆளு எந்தப் பார்க்குக்கும் போயிருக்கமாட்டாவ. நானுந்தான் போனதில்ல. பள்ளிக்கூடத்துல டூர் கூட்டிட்டுப் போன வருசம் அப்பா செத்துட்டாவ, நான் வீட்டுல இருந்தேன். திரும்பி வந்த பிள்ளைய ஒரு மாசம் அதையே பேசினாளுவ. நம்ம ஊருக்கே ஒண்ணு வருதுன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளல, அதுக்கு நான் என்ன செய்ய?

எனக்கு மட்டும் சொல்லேன். பனியா, பேயா, டைனோசரா? அம்மை மேல சத்தியமா வெளிய போகாது. சொல்லலைன்னா உனக்குப் பாக்குத பொண்ணுகிட்ட நீ குறட்டை விடுததைச் சொல்லிருவேன்.

உன் ஒரே தங்கச்சி
ஈஸ்வரி


தென்றல்புரி
4-7-2025

ஏ கோட்டிக்காரி,

உடம்புக்கு ஒண்ணுமில்ல, கையில ஒரு சிராய்ப்பு, ஆறிட்டு. அம்மை தைலம் தீர்ந்துட்டான்னு பாரு.

பனியுமில்ல பேயுமில்ல. மழைட்டி, மழை! சிமென்டுல ஒரு மலை கட்டுதோம், அதுல அஞ்சு அருவி, மேல கூரை. கூரை பூரா பைப்பு, பைப்புல ஊசிமுனைத் துளை. ஆனி ஆடியில குத்தாலத்துல சாரல் அடிக்கும்லா, அது இங்கன வருசம் பூரா அடிக்கும். காத்துக்கு மூணு ராட்சச ஃபேனு. பங்குனியில ஊரு காய்ஞ்சு கெடக்கும்போது உள்ள வந்தா சீசன். போலீஸ் விசில் அடிச்சுத் தொரத்தாது, வெள்ளம்னு கயிறு கட்டாது. முந்தாநாள் ஒரு பைப்பைத் திறந்து சோதிச்சாவ. நான் கம்பி மேல நின்னேன், மூஞ்சியெல்லாம் சாரல். வெளியவும் நெசச் சாரல் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்கே சிரிப்பு வந்துட்டு.

"குத்தாலத்துல கடை போட்டிருக்கவன் வயித்துல மண்ணுவே"ன்னாரு நல்லகண்ணு அண்ணாச்சி. என் பக்கத்துப் பாயில படுக்கவரு. அம்பது வயசு இருக்கும், கம்பி வேலையில கெட்டிக்காரரு. வாய் மட்டும் ஓயாது, தூக்கத்துலயும் பேசுவாரு. அவரு பெஞ்சாதி நாச்சியார் வைக்க கருவாட்டுக் குழம்பைப் பத்திக் கேட்டுக் கேட்டு ஷெட்டுல நாப்பது பேருக்கும் எச்சி ஊறுது. மனுசன் தங்கம். போன வாரம் நான் மேல கால் வழுக்கினப்போ சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. சட்டை போச்சு, நான் இருக்கேன். "உன் சட்டையைக் கிழிச்சதுக்கு என் மேல கேஸ் போடாதவே"ன்னு ரெண்டு நாளா அதையே பேசுதாரு.

இது உன்னோட நிக்கணும். அம்மைக்குக்கூட வேண்டாம்.

அண்ணன்


பாவூர்சத்திரம்
25-7-2025

அண்ணே,

கை ஆறிட்டா? அம்மைக்குப் புதுத் தைலம் வாங்கியாச்சு. போன ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போயி புலியருவியில குளிக்க வச்சேன். முட்டு வலியெல்லாம் ஓடிட்டுன்னு சொல்லிட்டு மறுநாளே வெங்காயத்துக்குப் போயிட்டா.

ஒரு விசயம், கோவிச்சுக்காத. மழைங்கது வெளிய வந்துட்டு. என் வாயால இல்ல. அந்தப் பக்கத்துல "நம்ம உள்ளாள் சொல்லுதாரு"ன்னு போட்டிருக்காவ, எம்பதாயிரம் பேரு பாத்திருக்கான்! பனிமலைக்காரரு ரெண்டு நாளா வாயே திறக்கல. உள்ளாள் எந்த ஊரு, எந்த ஊருன்னு எல்லாவனும் நச்சரிச்சான். நம்ம சனம் ஊரு தெரியாம ஒருத்தன் பேச்சை நம்புமா? கடைசியில வீரகேரளம்புதூர்க்காரருன்னு போட்டிருக்கு. அதனால உன் மேல யாருக்கும் சந்தேகம் வராது, நீ பாவூர்சத்திரம்லா. நிம்மதியாத் தூங்கு.

அந்த ஃபேன் எவ்வளவு பெருசு இருக்கும்? சும்மா எனக்காவத்தான் கேக்கேன்.

ஈஸ்வரி


தென்றல்புரி
12-8-2025

ஈஸ்வரி,

நான் இருக்கேன். அம்மையக் கேட்டதாச் சொல்லு.

போன புதன்கிழமை மேனேஜர் உமாசங்கர் கையில ஒரு பேப்பரோட வந்தாரு. அந்தப் பக்கத்துல போட்டிருந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்திருக்காரு. எங்க நாப்பத்திரெண்டு பேரையும் வெயில்ல வரிசையா நிக்க வச்சு, "வீ.கே.புதூர்க்காரன் எவன்?"னு கேட்டாரு. ஒரே ஒரு ஆளு கையைத் தூக்குனாரு. நல்லகண்ணு அண்ணாச்சி. அவரு எந்த ஊருன்னு நான் உனக்கு எழுதல. அவருக்கு வீ.கே.புதூருதான், நீ எழுதின அதே வீரகேரளம்புதூரு.

"மாரியாத்தா மேல ஆணை, நான் சொல்லல சார்"னு சொன்னாரு. வரிசையில எல்லாவனும் சிரிச்சான். அவரு வாயைப் பத்தித் தெரிஞ்சவன் எவன் நம்புவான்? நான் சிரிக்கல. அதே நேரம் வாயும் திறக்கல. நாந்தான்னு சொல்லத்தான் வந்தேன் ஈஸ்வரி, அந்தக் கார்டு ஞாபகம் வந்துட்டு.

ஆளை வெளிய அனுப்பல, அனுப்பினா வெளிய போயி இன்னும் பேசுவாருன்னு பயம். ஞாயித்துக்கிழமை போனை நிப்பாட்டிட்டாவ. கம்பி வேலையில இருந்து தூக்கிப் பம்புக்குழியில போட்டாச்சு. சிமென்ட் மலைக்குப் பின்னால நெச மலையச் செங்குத்தா வெட்டியிருக்கு, அந்தச் சரிவுக்கு அடியில இருவதடிப் பள்ளம். ஊத்துத் தண்ணி பொங்கிக்கிட்டே இருக்கும், இறைச்சுக்கிட்டே இருக்கணும். ஒத்தை ஆளு.

நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா? நெசத்தைச் சொல்லு, நான் திட்டமாட்டேன்.

பிச்சைமணி


பாவூர்சத்திரம்
16-9-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும். பதில் போடத் தாமதம் ஆயிட்டு, கடையில காலேஜ் அப்ளிகேஷன் கூட்டம், அம்மைக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போ சரியாயிட்டு. சின்ன வெங்காயம் வரத்து கொறைஞ்சு போச்சு, அதனால அம்மை இப்போ பாதி நாள் வீட்டுலதான் இருக்கா. எதுத்த வீட்டு லோகநாயகி அக்காவுக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு. தென்காசியில பஸ் ஸ்டாண்டுகிட்ட ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான், கடைக்குப் போறதுக்குள்ள சேலையெல்லாம் செம்மண்ணு.

நான் யாருகிட்டயும் சொல்லல. எவன் எங்கன கேட்டுப் போட்டானோ. நீங்க போயி எதையாவது உளறி வேலையக் கெடுத்துக்காதீங்க. அவருக்குத் தண்ணி இறைக்குத வேலைதான குடுத்திருக்கு? கொஞ்ச நாள்ல அவங்களே மறந்துருவாங்க. நீங்க கார்டு வாங்குத வழியப் பாருங்க. நான் அந்தப் பக்கத்தைப் பாக்குததையே விட்டுட்டேன்.

ஈஸ்வரி


தென்றல்புரி
17-10-2025

ஈஸ்வரி,

சளி பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. பிறந்ததுலேர்ந்து 'நீ'ன்னு கூப்பிட்டவ இப்போ 'நீங்க'ன்னு எழுதியிருக்க. சரி. நான் திரும்பக் கேக்கல.

தீவாளிக்கு விடமாட்டேன்னுட்டாவ. ஒரு வாரமா மழை, நெச மழை. சரிவுல கோடு மாதிரி ஒரு வெடிப்பு விழுந்திருக்கு. போன வாரம் அதுக்குள்ள விரல் போச்சு, இப்போ முழங்கை வரைக்கும் போகுது. இன்ஜினியர்கிட்டச் சொன்னேன். மழை விடட்டும், பாத்துக்கலாம்னாரு. மழை விட்டா எதுக்குப் பாக்கணும்னு கேக்கத் தோணுச்சு, கேக்கல. இங்கன நான் கேக்காம விடுதது கூடிக்கிட்டே போகுது.

அண்ணாச்சிகிட்ட யாரும் பேசுததில்ல. பேசினா நம்மளையும் உள்ளாள்னு நெனச்சுருவாவளோன்னு பயம். பாய்கூடத் தள்ளிப் போட்டுட்டானுவ. டீ நேரத்துல நான் மட்டும் பள்ளத்துல இறங்கிக் குடுத்துட்டு வருதேன். "பேசாம இருக்கச் சொல்லியே என்னையக் கொன்னுருவானுவ போலவே"ன்னாரு. நேத்து டம்ளரை வாங்கிட்டு என்னையவே பாத்தாரு. "நீயாச்சும் நம்புதியாவே? நான் சொல்லல"ன்னாரு. நம்புதேன் அண்ணாச்சின்னேன். சொல்லிட்டு மேல ஏறி வந்து, தகரத்துக்குப் பின்னால நின்னு அழுதேன்.

நவம்பர் இருபதாந்தேதி கார்டு குடுக்காவ. கையில வந்ததும் மேனேஜர்கிட்டப் போயி நாந்தான்னு சொல்லிருதேன். கார்டு குடுத்த ஆளை லேசுல எடுக்கமாட்டாவ. ஒரு மாசந்தான். அண்ணாச்சி தாங்குவாரு.

அம்மைக்குத் தீவாளிக்கு வெந்நி போட்டு எண்ணெ தேச்சு விடு.

பிச்சைமணி


தென்றல்புரி
28-11-2025

ஈஸ்வரி,

எனக்கு ஒரு காயமும் இல்ல. அம்மைகிட்ட அதை முதல்ல சொல்லிரு.

இருபதாந்தேதி கார்டு குடுத்தாவ. இன்னைக்குச் சொல்லுதேன், நாளைக்குச் சொல்லுதேன்னு ரெண்டு நாள் ஓட்டிட்டேன். இருபத்திரெண்டு சனிக்கிழமை மத்தியானம் மூணரைக்கு சரிவு மொத்தமா இறங்கிட்டு. நல்லகண்ணு அண்ணாச்சி அடியில இருந்தாரு.

நான் டீ வாங்கிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினா பள்ளமே இல்ல, செம்மண்ணா கெடக்கு. மம்பட்டியால வெட்டினா அவரு மேல படும்னு கையால தோண்டினோம். ஆம்புலன்சுக்குச் சொல்ல ஒருத்தன் கையிலயும் போன் இல்ல. லாக்கர் சாவி வச்சிருந்த செக்யூரிட்டி சாப்பிடப் போயிட்டான். ஆபீஸு பூட்டிக் கெடந்துச்சு, சனிக்கிழமை அரைநாளாம். கடைசியில கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு ஓடி, வார போற வண்டியை மறிச்சு, எவன்கிட்டயோ போன் வாங்கிச் சொன்னோம். நாப்பது நிமிசம். ஆளை எடுத்தப்போ வாய் நெறைய மண்ணு.

இப்போ கேளு. கம்பெனி என்ன சொல்லுது தெரியுமா? உள்ளாள்னு கண்டுபிடிச்சு இருபத்தொண்ணாந்தேதியே அவரை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாவளாம். மறுநாள் அந்த ரசிகர் பக்கத்துக்குப் படம் எடுக்கத் திருட்டுத்தனமா உள்ள புகுந்து செத்துப்போனாராம். போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்காவ. இருபத்திரெண்டு காலையில நானும் அவரும் அடுத்தடுத்து நின்னு மிஷின்ல கட்டைவிரல் வச்சோம். அதுல இப்போ அவரு பேரே இல்ல. அவரு பிள்ளையளுக்கு அப்பன் திருடன்னு பேரு.

திட்டமாட்டேன்னு சொன்னேன்லா, அதை நான் திரும்ப வாங்கிக்கிடுதேன். யாருகிட்டச் சொன்ன? அந்த ஊரு பேரை எவன் போட்டான்?

பிச்சைமணி


பாவூர்சத்திரம்
5-12-2025

அண்ணே,

நாந்தான். யாருகிட்டயும் சொல்லல, நானே போட்டேன். 'தென்றல்புரி வெறியர்கள்' என் பக்கம். மூணு வருசமா நாந்தான் நடத்துதேன். நீ உன் முதல் கடுதாசியில திட்டினப்போவே சொல்லியிருக்கணும். உனக்குக் கோவம் வருமேன்னு விளையாட்டா விட்டுட்டேன், பொறவு சொல்லத் துணிச்சல் வரல.

நீ மழைன்னு எழுதினதை நாலு தடவை படிச்சேன் அண்ணே. அத்தனை பேரும் அடிச்சுக்கிடுதான், எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாள்தான் அடக்கி வச்சேன். போட்டதும் உள்ளாள் எந்த ஊருன்னு ஆயிரம் பேரு கேட்டான். சொல்லலைன்னா கட்டுக்கதைன்னு எழுத ஆரம்பிச்சுட்டான். பாவூர்சத்திரம்னு மட்டும் வந்துரக் கூடாது, உன்னையக் கண்டுபிடிச்சுருவான்னு யோசிச்சுக்கிட்டு கடை வாசல்ல நின்னேன். அப்போ ஒரு பஸ்ஸு வந்துச்சு. போர்டுல வீ.கே.புதூர்னு எழுதியிருந்துச்சு. அதைப் போட்டேன். அவ்வளவுதான் அண்ணே, வேற ஒரு காரணமும் இல்ல. முன்னால சுரண்டை பஸ்ஸு வந்திருந்தா சுரண்டைன்னு போட்டிருப்பேன். உன்னையக் காப்பாத்தினேன்னு அன்னைக்குச் சந்தோசமாத் தூங்கினேன்.

ஆகஸ்ட்ல உன் கடுதாசி வந்ததுமே எல்லாம் புரிஞ்சுட்டு. ஊரு பேரைச் சும்மா போட்டேன்னு ஒரு வரி பக்கத்துல எழுதியிருந்தா அவரு பள்ளத்துலேர்ந்து மேல வந்திருப்பாரு. எழுதினா அடுத்து உன்னையத் தேடுவான். தெனமும் எழுதி எழுதி அழிச்சேன். கிதிர் முகம்மது அண்ணாச்சி வந்து, நல்லகண்ணு அண்ணாச்சி செத்த சேதியச் சொன்ன அன்னைக்குப் பயந்துபோய் பக்கத்தையே மொத்தமா அழிச்சுட்டேன். நான் போட்ட நாளு, நேரம், ஒண்ணும் இப்போ இல்ல. வீ.கே.புதூர்க்காரருன்னு கம்பெனி பிரிண்ட் எடுத்த பேப்பர் மட்டுந்தான் இருக்கு.

நான் என்ன செய்யணும்னு சொல்லு.

ஈஸ்வரி


தென்றல்புரி
9-12-2025

ஈஸ்வரி,

நான் எழுதின கடுதாசி அத்தனையும் உன்கிட்ட இருக்குல்லா? அதுல மழையப் பத்தி எழுதினது இருக்கு, நான் வாய் திறக்காம நின்னது இருக்கு, அண்ணாச்சி செத்த அன்னைக்கு வேலையில இருந்தது இருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டு வீ.கே.புதூர் போயி நாச்சியார் மதினி கையில குடு. தபால்ல போட்டுட்டுத் தப்பிக்கப் பாக்காத.

கார்டை இன்னைக்குக் காலையில மேனேஜர் மேசையில வச்சுட்டேன். உள்ளாள் நாந்தான்னும் சொல்லிட்டேன். "இதை இப்போ எதுக்குய்யா சொல்லுத? ஆளு செத்தாச்சு, விசயம் முடிஞ்சுது"ன்னு சொல்லி கார்டை என் பைக்குள்ளயே திருப்பிப் போட்டுட்டாரு. அவியளுக்கு உள்ளாள் செத்தவராத்தான் இருக்கணும். போலீஸுக்கு நானே போறேன்.

உன்மேல எனக்குக் கோவமான்னு தெரியல. ஊரு பேரை நீ போட்ட. வரிசையில நின்னது நான்.

அம்மைக்கு எதுவும் தெரியண்டாம்.

பிச்சைமணி


பாவூர்சத்திரம்
19-12-2025

நாச்சியார் அக்காவுக்கு,

உங்களுக்குச் சுகமான்னு கேட்டு எழுத எனக்கு யோக்கியதை இல்ல. செவ்வாய்க்கிழமை உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள உங்க மகன் அவன் அப்பா படத்துக்குப் பூப்போட்டுக்கிட்டு இருந்தான். மாலை போட்ட படத்தைப் பாத்ததும் திரும்பி நடந்து பஸ் ஏறிட்டேன். என் அண்ணன் தபால்ல போடாதன்னு சொல்லியும் போடுதேன். அதுக்கும் சேர்த்து நீங்க என்னைய ஏசலாம்.

என் அண்ணன் எனக்கு எழுதினது அத்தனையும், நான் அவனுக்கு எழுதினதுல அவன் திருப்பிக் குடுத்ததும் இதோட இருக்கு. படிச்சா எல்லாம் விளங்கும். உங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை வெளிய சொல்லல. சொன்னது என் அண்ணன், போட்டது நான். எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுதேன். மன்னிங்கன்னு கேக்கணும், எப்படிக் கேக்கன்னு தெரியல.

சங்கரேஸ்வரி


வீரகேரளம்புதூர்
6-1-2026

ஈஸ்வரிக்கு நாச்சியார் எழுதுதது,

கவர் வந்துச்சு. நாங்க இருக்கோம், சாப்பிடுதோம், பிள்ளைய பள்ளிக்கூடம் போகுது. அன்னைக்கு வாசல்ல ஒரு பிள்ளை வந்து நின்னுட்டுப் போச்சுன்னு மகன் சொன்னான். நீதானா அது.

கடுதாசி எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். வக்கீலுகிட்டக் குடுத்திருக்கேன். இது போதும், உள்ளாள் உங்க வீட்டுக்காரரு இல்லன்னு ஆயிட்டா கம்பெனி சொன்ன கதை நிக்காதுன்னாரு. உன் அண்ணனும் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. முத்தத்துலயே நின்னுச்சு, உக்காரச் சொன்னேன், உக்காரல. நீ கேட்ட மன்னிப்பைப் பத்தி நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல. அது இப்போ என்கிட்ட இல்ல.

வேற யாருகிட்டயும் சொல்லமுடியாத ஒண்ணை உன்கிட்டச் சொல்லணும். ஆடி மாசம் எங்க தெருப் பையலுவ போனைக் காட்டி, மதினி, பார்க்கு உள்ளாள் நம்ம ஊராம், அண்ணாச்சி பேரு உலகம் பூராப் போயிட்டுன்னானுவ. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு பைக்குல ரெண்டு பேரு வந்தானுவ. பார்க்கு ரசிகர்னு சொன்னானுவ. உள்ளாள் உங்க வீட்டுக்காரர்தானான்னு கேட்டானுவ. ஆமா, அவியளுக்கு வாய் சும்மா இருக்காதுல்லான்னு சொல்லிச் சிரிச்சேன். காப்பி போட்டுக் குடுத்தேன். ஒருத்தன் போனை மடியிலயே வச்சிருந்தான். அவனுவ கம்பெனி ஆளுவன்னு, மேனேஜரோட இழவு வீட்டுக்கு வந்தப்போதான் தெரிஞ்சுது. அதே சட்டை.

நவம்பர் பதினாறு ஞாயித்துக்கிழமை அவியளுக்கு ஒரே ஒருக்கா போன் குடுத்தாவ. "நாச்சி, நான் சொல்லலட்டி, ஒருத்தனும் நம்பமாட்டேங்கான்"னு சொன்னாவ. ஊருக்கே தெரிஞ்சதை என்கிட்ட மறைக்கேளாக்கும், வாயைப் பொத்திக்கிட்டு வேலையப் பாருங்கன்னேன். பொறவு பிள்ளைய சாப்பிட்டானுவளான்னு கேட்டுட்டு வச்சுட்டாவ. அஞ்சு நிமிசம் உண்டாம், ரெண்டு நிமிசத்துலயே வச்சுட்டாவ. இருபத்தாறு வருசத்துல அவிய பேச்சைப் பாதியில விட்டது அன்னைக்குத்தான்.

அந்த ரெண்டு பேரு வந்ததை நான் வக்கீலுகிட்டச் சொல்லல. பெஞ்சாதியே ஆமான்னு சொன்னான்னு தெரிஞ்சா உன் கடுதாசி, உன் அண்ணன் வாக்குமூலம் எதுவும் எடுபடாது. நான் சொன்னதைப் போன்ல பிடிச்சிருப்பானுவ, எப்போ அதை எடுத்துப் போடுவானுவளோன்னு தெனமும் பயந்துக்கிட்டு கெடக்கேன். என் பிள்ளையளுக்கும் தெரியாது.

உனக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். நீ வெளிய சொல்லிராத.

நாச்சியார்